அரபிக் கல்லூரி மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலையில் அறிவியல் செய்முறை வகுப்பு வைக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

அரபிக் கல்லூரி மாணவர்கள் உள்ளே அடைந்துகிடந்து மனப்பாடம் மட்டுமே செய்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அப்படியொரு சிறிய கல்லூரியில் தங்கி ஓதி, ஆலிம் ஸனது (மார்க்க அறிஞர் பட்டம்) வாங்கி, இன்று இமாமாக இருப்பவன் நான்.

மனப்பாடம் உண்டு, ஆரம்ப ஆண்டுகளில். அதன்பின் கைக்கு வரும் கிதாபுகளில் (அரபிப் பாடநூல்களில்) அ, இ, உ ஒலிகளைக் காட்டும் உயிர்க்குறிகளே இருக்காது. சொல்லின் ஈற்றில் உகரமா அகரமா என்று இலக்கணம் தெரிந்தவன்தான் சேர்த்து வாசிக்க முடியும். ஈறு மாறினால் அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான். (அரபி இலக்கண நூல்களின் உதாரண வாக்கியங்களில் ஸைது என்பவர் அம்ரு என்பவரை நூற்றாண்டுகளாக அடித்துக்கொண்டே இருக்கிறார். என்ன பகையென்று எந்த ஹஜ்ரத்தும், அதாவது ஆசிரியரும், சொன்னதில்லை.) இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு, பாடத்தைக் கூடியிருந்து திரும்பப் படிக்கும் தக்ராரில் ஒருவன் வாசிப்பான், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தப்பைப் பிடிப்பார்கள், ஏன் தப்பு என்று சண்டை போடுவார்கள். காலையில் ஹஜ்ரத்திடம் திட்டு வாங்கினால் அதோடு போச்சு. இரவில் கூட்டாளிகளிடம் மாட்டினால், மறுநாள் ஒரே சஹனில் (பெரிய தட்டில்) நாலு பேர் சோறு பிசையும்போதும் அதே பேச்சுதான். இதை மனப்பாடம் என்றால் வழக்கறிஞர் வேலையும் மனப்பாடம்தான்.

ஆனால் ஓதி முடித்து வெளியே வந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அந்த வாசகர் கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது. எட்டாம் வகுப்பு முடித்து வந்து சேருகிற பையன், ஏழாண்டு ஓதி வெளியே போகும்போதும் அரசாங்கக் கணக்கில் எட்டாம் வகுப்புதான். வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் முடித்தவர் ‘பாகவி’, லால்பேட்டை அரபிக் கல்லூரியில் முடித்தவர் ‘மன்பஈ’ என்று ஊர் மரியாதையோடு அழைக்கும். வேலை கேட்டுப் போகிற இடத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் கேட்பார்கள். பள்ளிப் பாடத்தையும் சேர்த்து நடத்துகிற கல்லூரிகள் இப்போது இருக்கின்றன. நான்கைந்து ஹஜ்ரத்மார்களும் ஒரு சமையல்காரரும் மட்டுமே உள்ள சிறிய கல்லூரிக்கு அது முடியாது. அங்குள்ள பையனுக்குப் பெரும்பாலும், பள்ளியில் சேராமல் எழுதும் தனித்தேர்வுதான் வழி.

அதில்தான் சிக்கல். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளியில் பெயர் பதிந்து, நேரில் போய்வர வேண்டும். பள்ளி நடக்கும் நாளெல்லாம் எங்களுக்கும் பாடம். எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. துணி துவைப்பதும் முடிவெட்டுவதும் அன்றுதான். பள்ளிகளுக்கு அது வேலை நாள். மாவட்டக் கல்வி அலுவலர்கள் மனது வைத்து, அரபிக் கல்லூரி உள்ள ஊர்களில் இந்தப் பயிற்சியை வெள்ளிக்கிழமை காலையில் வைத்தால் யாருக்கும் செலவில்லை.

கல்லூரி நிர்வாகிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். நம் கல்வியாண்டு பிறைக் கணக்கில் ஓடுவது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2026இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் மாதம் தொடங்கியபோது ரமலான் விடுமுறை. விடுதியைப் பூட்டிவிட்டால் தேர்வு எழுதுகிற பையன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? ஒரு அறையைத் திறந்துவைத்து, நோன்பு தொடங்கும் முன் விடியலில் உண்ணும் ஸஹருக்குச் சோறு போட ஒருவரை நிறுத்தினால் போதும். நோன்பு நேரத்தில் சோறு அனுப்ப அக்கம்பக்கத்து முஹல்லாவாசிகள் போட்டி போடுவார்கள் என்பது நிர்வாகிகளுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை வகுப்பைப் பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள். பையன்கள் குளித்து ஜும்ஆ தொழுகைக்கு வர நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளிவாசல் இமாம் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.