நெகர்தேயாவில் ஒலிவ மரம் இல்லை: மாற்று வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மாற்று வரலாற்றுப் புனைவு எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தவம் கலிலேயாவில் பிறக்காமல் வேறோர் இடத்தில் பிறந்திருந்தால்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும் பலர் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். ரோம ஆளுநர் பிலாத்து அப்படியே இருக்கிறார், சிலுவை இருக்கிறது, ஒலிவ மலையும் இருக்கிறது. பாரசீக மண்ணில் வேரூன்றிய கீழைத் திருச்சபையின் வரலாற்றைப் படித்துவரும் எங்களுக்கு இது வருத்தம் தருகிறது. ஊர் மாறினால் மண், எண்ணெய், நாட்காட்டி, கொல்லும் கை எல்லாமே மாறும். அந்த மாற்றங்களில்தான் நல்ல கதை இருக்கிறது.

எங்கள் பரிந்துரை நெகர்தேயா. யூப்ரடீஸ் ஆறும் அரச கால்வாயும் சேரும் இடத்தில், பழைய பாபிலோனியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இருந்த ஊர். ஈரானை ஆண்ட பார்த்தியப் பேரரசுக்குள், ரோமின் கைக்கு எட்டாத தொலைவு. யூதர்கள் திரளாக வாழ்ந்தார்கள், அரமேயம் பேசினார்கள். கோயிலுக்குரிய அரை சேக்கல் காணிக்கையை இங்கும் வடக்கே நிசிபிஸிலும் சேர்த்துவைத்து, வழிப்பறிக்கு அஞ்சிப் பெருங்கூட்டமாக எருசலேமுக்குக் கொண்டுபோனார்கள் என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். எருசலேமை நேசிக்கிற, ஆனால் அதன் நிழலில் இல்லாத ஊர். இதைவிடப் பொருத்தமான இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் மண்ணைப் பாருங்கள். அங்கே வண்டல்தான், கல் கிடையாது. விதைப்பவன் உவமையில் வரும் கற்பாறை நிலம் அந்த ஊர்க்காரருக்குப் புரியாது. உப்புப் பூத்த வயல், தூர்ந்துபோன கால்வாய், கரை உடைத்த வெள்ளம் என்றால் உடனே புரியும். கன்மலைமேல் வீடு கட்டியவனும் அங்கே இல்லை. வீடெல்லாம் மண்செங்கல். 'கேபா', அதாவது பாறை, என்று ஒரு சீடருக்குப் பெயர் வைக்க அங்கே ஒருவருக்குத் தோன்றுமா? விளக்கெரிக்க ஒலிவ எண்ணெயும் இல்லை. பாபிலோனியாவில் எள்ளெண்ணெய்தான் கிடைக்கும் என்பது ஓய்வுநாள் விளக்கைப் பற்றிய பழைய யூத விவாதத்திலேயே பதிவாகியிருக்கிறது. நம் வீட்டு நல்லெண்ணெய்தான் அது. மேசியா என்ற சொல்லுக்கே எண்ணெய் பூசப்பட்டவர் என்றுதான் பொருள். ஆகவே இது சின்ன மாற்றமில்லை.

அடுத்தது பஸ்கா என்ற யூதப் பண்டிகை. அதிகமாகப் பிழை நடப்பது இங்கேதான். பஸ்கா ஆட்டை எருசலேம் கோயிலில் மட்டுமே அறுக்கலாம். நெகர்தேயாவின் கடைசி இராவுணவில் புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் இருக்கும், ஆட்டிறைச்சி இருக்காது. "உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டி" என்ற உருவகம் அந்த மேசையிலிருந்து எழாது. நாளிலும் சிக்கல் உண்டு. மாதம் தொடங்குவதைக் குறிக்கும் பிறை கண்ட செய்தியை எருசலேமிலிருந்து மலைக்கு மலை தீப்பந்தம் காட்டிப் பாபிலோனியா வரை அனுப்பினார்கள். சமாரியர் பொய்த்தீ மூட்டிக் குழப்பியபின் ஆள் அனுப்பினார்கள். ஆள் வந்துசேரத் தாமதமாகும் என்பதால்தான் தொலைவூர்களில் பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடும் வழக்கம் வந்தது. உங்கள் கதையில் கதாநாயகர் இறந்த நாள் எது என்று சீடர்களுக்குள்ளேயே ஒருநாள் வித்தியாசத்தில் சண்டை வரலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

கதாநாயகரைப் பண்டிகைக்கு எருசலேமுக்கு அனுப்பலாமா? வேண்டாம் என்போம். பாபிலோனிலிருந்து எஸ்றா போய்ச்சேர நான்கு மாதம் ஆனது என்கிறது வேதாகமம். அங்கே அனுப்பினால் மறுபடி ரோமின் பிடிக்குள்தான் போவார், கதை பழைய தடத்தில் விழுந்துவிடும்.

அப்படியானால் அவரைக் கொல்வது யார்? வரலாறே ஆளைத் தருகிறது. நெகர்தேயாவில் தறிவேலை பழகிய அனிலாய், அசினாய் என்ற யூதச் சகோதரர்கள் ஆயுதமேந்தி, பார்த்திய மன்னர் அர்த்தபானுவின் ஒப்புதலோடு ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்தப் பகுதியை ஆண்டார்கள். காலம் சரியாக இயேசுவின் காலம். ரோம ஆளுநருக்குப் பதில் ஒரு யூதக் குறுநில அதிகாரம்! சிலுவையை வலிந்து புகுத்தாதீர்கள். அந்த அடையாளம் இல்லாமலே போகட்டும். சகோதரர்கள் வீழ்ந்தபின் பாபிலோனிய யூதர்கள் டைகிரிஸ் கரை நகரமான செலூக்கியாவுக்கு ஓடினார்கள். அங்கே 50,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக யோசேபஸ் எழுதுகிறார். தப்பியவர்களில் பெரும்பாலோர் நெகர்தேயாவிலும் நிசிபிஸிலும் ஒதுங்கினார்கள். சீடர்கள் சிதறுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம். நிசிபிஸிலிருந்து மேற்கே எடெஸ்ஸா நகருக்கும் கிழக்கே அதியாபேனே என்ற சிற்றரசுக்கும் பாதை இருக்கிறது.

பவுல் இல்லாமல், யூதரல்லாதவருக்கும் விருத்தசேதனம் வேண்டுமா என்ற விவாதம் எப்படி என்று கேட்பீர்கள். அதுவும் அங்கேயே நடந்திருக்கிறது. பாரசீக வளைகுடாத் தலையிலிருந்த கரக்ஸில் அனனியா என்ற யூத வணிகர் அதியாபேனே இளவரசர் இசாத்தேசுக்கு யூத நெறியைக் கற்பித்தார். விருத்தசேதனம் இல்லாமலும் கடவுளை வழிபடலாம் என்றார். பிறகு கலிலேயாவிலிருந்து வந்த எலெயாசர் கூடாது என்றார். அதற்குள் மன்னராகியிருந்த இசாத்தேஸ் செய்துகொண்டார். அந்த இடத்தில் அனனியா சொன்னதை மன்னர் ஏற்றிருந்தால் போதும், உங்கள் கதை திரும்பிவிடும்.

ரோமில் இந்த நெறி என்ன ஆகும்? மானிகேய மதத்தை நிறுவிய மானியைப் பாருங்கள். 216இல் பாபிலோனியாவில் பிறந்தவர், அரமேயத்தில் எழுதியவர். அவருடைய நெறி எகிப்துக்கும் போனது, சீனத்துக்கும் போனது. 302இல் ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் அதைப் பகைநாடான பாரசீகத்திலிருந்து வந்த நஞ்சு என்று சொல்லி, தலைவர்களை நூல்களோடு எரிக்கச் சொன்னார். பார்த்திய மண்ணில் பிறந்த கிறிஸ்தவத்துக்கும் அதே கதிதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு மாறும் காட்சியை எழுதிவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கிழக்கில் அவசரப்படாதீர்கள். சங்ககாலத் தமிழகத்தில் கிறிஸ்தவ அரசு என்று தாவ வேண்டியதில்லை. பாரசீகத் திருச்சபை உண்மையிலேயே மலபாருக்கும் இலங்கைக்கும் வந்தது. ஆறாம் நூற்றாண்டில் கிரேக்கப் பயணி காஸ்மாஸ் அதைக் குறித்திருக்கிறார். சென்னைப் பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்து பஹ்லவி, அதாவது பழைய பாரசீக எழுத்து. நடந்ததையே மாற்று வரலாறு என்று காட்டாதீர்கள்.

கடைசியாக மொழி. அரமேயத்தின் ஒரு கிளையான சிரியாக்கில் 'ரூஹா', ஆவி, பெண்பால். நான்காம் நூற்றாண்டின் சிரியாக் எழுத்தாளர் அஃப்ரஹாத் தூய ஆவியைத் தாய் என்றே சொல்கிறார். கிரேக்கம் குறுக்கே வராத உங்கள் உலகில் அந்த வழக்கு மாற வேண்டிய அவசியமில்லை. உங்கள் மாந்தர் ஜெபிக்கும்போது ஆவியை 'அவள்' என்றே எழுதுங்கள்.

அன்புடன்,
கீழைத் திருச்சபை வரலாறு படிக்கும் சிலர்