செயலாளர் அறிக்கை: சத்தமான ஆல்பங்களின் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பாடல்களைக் கூடிக் கேட்கும் நம் வட்டத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. மாதாந்திர அமர்வுகள் பன்னிரண்டில் பதினொன்று நடந்தன. ஒன்று மின்தடையால் தள்ளிப்போனது. டிலனின் பிறந்தநாளான மே 24 வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. உறுப்பினர் ஒருவர் தம் தந்தையார் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை வட்டத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார். அட்டைகளில் பூஞ்சை படிந்திருந்தாலும் தட்டுகளில் கீறல் இல்லை. இசைத்தட்டுக் கருவிக்குப் புது ஊசி போடப்பட்டது.

இனி, இந்த ஆண்டின் முக்கியத் திட்டத்துக்கு வருகிறேன். 1965 மார்ச் முதல் 1966 மே வரை டிலன் பதிவு செய்ததையும் மேடையில் பாடியதையும் வரிசை குலையாமல் கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் முன்மொழிந்தேன். நாட்டுப்புறப் பாடகராக அறியப்பட்டிருந்த அவர் மின்கிட்டாருக்கும் வாத்தியக் குழுவுக்கும் மாறிய காலம் அது. யாரும் மறுக்கவில்லை, கைதூக்கி ஏற்றுக்கொண்டீர்கள். அப்படியிருக்க, மூன்றாவது அமர்வுக்குள்ளாகவே எனக்கு ஒரு கடிதம் வந்தது. “நாங்கள் நாட்டுப்புறப் பாட்டுக் கேட்கச் சேர்ந்தோம், இரைச்சல் கேட்க அல்ல” என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கருத்து பலருக்கும் இருப்பது வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிறது என்பதால் பதில் சொல்வது என் கடமை.

டிலனுக்கு மின்கிட்டார் 1965இல் திடீரென்று பிடித்த ஆசை அன்று. தம் ஊரான ஹிப்பிங்கில் பள்ளியில் படித்தபோதே ராக் குழு வைத்திருந்தவர் அவர். 1959இல் வெளிவந்த பள்ளி ஆண்டு மலரில் அவர் படத்துக்குக் கீழே, ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டுடன் சேர்வதே லட்சியம் என்று அச்சாகியிருக்கிறது. 1962 டிசம்பரில், இரண்டாவது ஆல்பம் வருவதற்கு முன்பே, வாத்தியக் குழுவோடு ஒரு தனிப்பாடல் தட்டு வெளியிட்டார். அது விற்கவில்லை, அவ்வளவுதான். 1965 மார்ச்சில் வந்த ‘பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்’ ஆல்பத்தில்கூட ஒரு பக்கம்தான் முழுக் குழு. மறுபக்கம் பெரும்பாலும் கிட்டாரும் ஹார்மோனிகாவும். சத்தம் படிப்படியாகத்தான் ஏறியது. அதைக் காட்டத்தான் வரிசையாகக் கேட்போம் என்றேன். நடுவில் ஓர் அமர்வுக்கு மட்டும் வந்துவிட்டு இரைச்சல் என்று எழுந்து போனவர்களுக்கு அது கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாட்டுக்கு ஒரு முழு அமர்வையே ஒதுக்கினேன். இது அதிகம் என்று செயற்குழுவிலேயே பேச்சு வந்தது. அதிகமில்லை என்பதே இன்றும் என் கருத்து. 1965 ஜூனில் நியூயார்க்கில் நடந்த அந்த ஒலிப்பதிவுக்கு இசைக்கலைஞர் அல் கூப்பர் கிட்டார் வாசிக்கும் ஆசையோடு போனார். அங்கிருந்த கிட்டார் கலைஞர் மைக் ப்ளூம்ஃபீல்டின் வாசிப்பைக் கேட்டதும் தம் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டார். பிறகு, பழக்கமே இல்லாத ஆர்கனில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் எந்தச் சுரத்துக்குப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாசித்ததால் அந்த ஆர்கன் ஒரு நூல் பின்தங்கியே வருகிறது. அன்று பாட்டை நான்கு முறை போட்டோம். முதல் முறை அனைவரும் வரிகளைத்தான் கேட்டோம். நான்காவது முறை அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த ஆர்கனையே பின்தொடர்ந்தோம். வராதவர்களுக்கு இதை நான் எழுதிக் காட்ட முடியாது.

அடுத்தது நியூபோர்ட். 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் அந்த ஊரில் நடந்த நாட்டுப்புற இசை விழா மேடையில் குழுவோடு மூன்றே பாட்டுப் பாடினார் டிலன். கூட்டத்தில் எதிர்ப்புக் கூச்சல். பிறகு கிட்டாரோடு தனியாக வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போனார். கூச்சல் சத்தத்துக்காகவா, ஒலியமைப்பு மோசமாக இருந்ததற்காகவா, மூன்று பாட்டோடு குழு இறங்கிவிட்டதற்காகவா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. மூத்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகருக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் பாட்டின் சொற்கள் காதில் விழவில்லையே என்பதுதான் தம் கோபம் என்று அவரே பின்னாளில் சொன்னார். பாட்டை நேசிக்கிறவரின் கோபம் அது, எனக்கு அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அன்று கையில் இருந்த ஃபெண்டர் கிட்டார் 2013இல் 9,65,000 டாலருக்கு ஏலம் போனது என்ற செய்தியைத் துணைத் தலைவர் வாசித்தார். இந்த அமர்வுக்கு வந்தவர்கள் ஏழு பேர்.

ஒக்டோபர், நவம்பர் அமர்வுகளில் ‘ஹைவே 61 ரீவிசிட்டட்’ ஆல்பத்தை முழுமையாகக் கேட்டோம். ஆறு பேர், பிறகு ஒன்பது பேர்.

என் மனத்தில் நீண்ட நாளாக இருப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 1965 இலையுதிர் காலத்திலிருந்து 1966 மே வரை டிலன் ஊர் ஊராகப் பாடினார். முதல் பாதி தனியாக, இரண்டாம் பாதி மின்கிட்டாரும் தாளமுமாக ஹாக்ஸ் என்ற குழுவோடு. பல ஊர்களில் இரண்டாம் பாதி முழுக்கக் கூச்சல். அதைத் தாங்க முடியாமல் தாள வாத்தியக்காரர் லெவன் ஹெல்ம் 1965 முடிவதற்குள் குழுவைவிட்டே விலகினார். ஆனால் கூச்சலிட்டவர்கள் யார்? நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள். இரண்டாம் பாதியில் என்ன வரும் என்பது அதற்குள் பரவலாகத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், பிறகு கத்தினார்கள். 1966 மே 17 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயரால் “யூதாஸ்!” என்று கத்திய குரலில்கூட ஒரு பற்று இருக்கிறது. பற்று இல்லாதவனுக்குத் துரோகம் என்ற சொல் எப்படித் தோன்றும்? நம் வட்டத்தில் அந்தக் குரல்கூட எழவில்லை. நாற்காலிகள் காலியாக இருந்தன. எதிர்ப்பவர்கள் வந்து எதிர்த்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

இதை மாற்றிக் காட்டிய ஒருவரையும் சொல்ல வேண்டும். நம் மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர், திட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே கடுமையாகக் குறை சொல்லி வந்தவர், மான்செஸ்டர் பதிவு போட்ட நாளில் முதல் ஆளாக வந்து அமர்ந்தார். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தவறான பெயரில் பல ஆண்டுகள் திருட்டுத் தட்டாகச் சுற்றி, 1998இல்தான் முறையாக வெளிவந்த பதிவு அது. கூட்டத்தின் அந்தக் கத்தல், உன்னை நம்பவில்லை என்று டிலன் சொல்லும் பதில், குழுவைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது, உடனே வந்து விழும் தாள வாத்தியக்காரர் மிக்கி ஜோன்ஸின் முதல் அடி. பாட்டு முடிந்ததும் ஐயா, “இன்னொரு தடவை போடுப்பா” என்றார். பிறகு, “எனக்கு இப்பவும் முதல் பாதிதான் பிடிக்கும்” என்றார். திட்டத்தின் பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் தரும் பதில் அந்த மாலைதான்.

சந்தா விஷயம். உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் செலுத்தவில்லை. சத்தமான ஆல்பங்களே காரணம் என்று சிலர் சொல்லக் கேட்டேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நிலுவையில் பெரும்பகுதி அதற்கு முந்தைய ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டு முழுவதும் நாம் கேட்டவை 1962 முதல் 1964 வரையிலான அமைதியான ஆல்பங்கள். ஆகவே பழியை மின்கிட்டாரின் மேல் போட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, செலவு வரவைவிடச் சற்றுக் கூடுதல். குறை முந்தைய கையிருப்பிலிருந்து ஈடுகட்டப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஒலிபெருக்கி மாற்றியதைப் பற்றிக் கேள்வி வந்தது. பழையதன் கூம்பு கிழிந்து, பேஸ் கிட்டார் வரும் இடமெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. பலர் இரைச்சல் என்று சொன்னதில் ஒரு பங்கு அந்தக் கிழிசலுடையது. மாற்றியது வீண்செலவு அல்ல.

இடம் தந்து உதவுபவருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், அமர்வுதோறும் நாற்காலி போட்டு எடுத்து வைத்த இளம் உறுப்பினர்கள் இருவருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. 1966 ஜூலை 29 அன்று மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு டிலன் சுற்றுப்பயணங்களை நிறுத்தினார். 1967 டிசம்பரில் அடுத்த ஆல்பம் வந்தபோது சத்தம் அடியோடு அடங்கியிருந்தது. அங்கிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. அமைதியை விரும்பும் உறுப்பினர்கள் இனி வருவதற்குத் தடை ஏதுமில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் தொடர்வேன். ஆனால் அமர்வுக்குப் பத்துப் பேராவது வராமல் இந்த இடத்தை நம்மிடம் விட்டு வைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வராது. நிலுவை வைத்திருப்பவர்கள் இந்த மாத இறுதிக்குள் பொருளாளரிடம் செலுத்திவிடுங்கள்.

மின்தடையால் நின்றுபோன அமர்வு அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை நடக்கும். பெரும்பகுதி நாஷ்வில்லில் பதிவான ‘ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்’, இரண்டு தட்டு, நான்கு பக்கம். நான்காவது பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, பதினோரு நிமிடத்துக்கு மேல் மெல்ல நகரும் பாட்டு. முதல் பக்கத்தின் ஆர்ப்பாட்டத்தைக் கேட்டு எழுந்துவிடாமல், தயவுசெய்து அதுவரை இருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்