பொருந்தாத வால்வைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரக் கோரி

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், பெரம்பூர், சென்னை
பெறுநர்: குறைதீர்வு அதிகாரி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள என் பெட்ரோல் காரின் டைவர்ட்டர் வால்வில் இருந்த டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்துபோனதால், மாற்று வால்வு கேட்டுத் தங்கள் நிறுவனத்தை அணுகினேன். காரின் மாடல், ஆண்டு, எஞ்சின் எண் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட தங்கள் விற்பனைப் பிரிவு, "எல்லா டர்போ கார்களுக்கும் பொருந்தும்" என்று எழுத்திலேயே உறுதி தந்து ஒரு ப்ளோ ஆஃப் வால்வை அனுப்பியது.

என் காரில் காற்று டர்போவுக்குள் நுழையும் முன்பே ஏர் ஃப்ளோ சென்சார் அதை அளந்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படிதான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்ரோல் தெளிக்கிறது. கியர் மாற்ற ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியிலுள்ள த்ராட்டில் என்ற கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் காற்று போக்கிடமின்றி டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரமான கம்ப்ரசர் மீதே திரும்பி மோதும். அதைத் தடுக்கத்தான் வால்வு. பழைய டைவர்ட்டர் வால்வு அந்தக் காற்றை டர்போவின் முன்குழாய்க்கே திருப்பி அனுப்பியது, கணக்கு கெடவில்லை. தாங்கள் அனுப்பியதோ அதைப் புஸ்ஸென்ற சத்தத்தோடு வெளியே கொட்டிவிடுகிறது. அளந்த காற்று போய்விட, அதற்குரிய பெட்ரோல் மட்டும் எஞ்சினுக்குள் இறங்குகிறது.

விளைவு, சிக்னலை நெருங்கி கிளட்சை மிதித்தால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. வடபழனியில் மாநகரப் பஸ் ஒன்று முட்டுகிற தூரத்தில் வந்து நின்றது.

ஜி.பி. ரோடு மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பெட்ரோல் மிகுதியால் படிந்த கரி தொட்ட விரலில் ஒட்டியது. பிறகு வண்டியை ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டு, வால்வின் திறந்த வாயை உள்ளங்கையால் பொத்தினார். கை உள்ளே இழுபட்டது, அதுவரை குலுங்கிய எஞ்சின் சீரானது. அதாவது, ஸ்பிரிங் பலமில்லாமல் ஐடிலிலும் வால்வு திறந்தே கிடக்கிறது. ஃபில்டரையும் சென்சாரையும் தாண்டாத தெருப்புழுதிக் காற்று நேராக எஞ்சினுக்குப் போகிறது.

இதைச் சொன்னபோது தங்கள் சேவைப் பிரிவு தந்த பதில்கள் வேடிக்கையானவை. முதலில், "சத்தம் நன்றாக வருகிறதா, சார்?" நான் வாங்கியது நாதஸ்வரம் அல்ல. அடுத்து, கடினமான ஸ்பிரிங் போடச் சொன்னார்கள். அது ஐடில் கசிவை நிறுத்தலாம். கியர் மாற்றும்போது காற்று வெளியேறுவதை நிறுத்தாது. கடைசியாக, ஈசியூவை ரீமேப் செய்யச் சொன்னார்கள், அதாவது அதன் நிரலையே மாற்றி எழுதச் சொன்னார்கள். அதற்கு வால்வின் விலையைவிட அதிகம் செலவாகும்.

எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களுக்கு இந்த வால்வு ஒத்துவரலாம். அப்படியென்றால் விற்பனைப் பக்கத்தில் அதை எழுதுங்கள். எஞ்சின் எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டு அதைப் பார்க்காமலே பொருளை அனுப்புவதற்கு என்ன பெயர்?

தற்போது பழைய வகை டைவர்ட்டர் வால்வையே வாங்கிப் பொருத்திவிட்டேன். வண்டி ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு வேண்டியது வால்வின் முழு விலை, பிளக்குகளின் விலை, மெக்கானிக் கூலி. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது தங்கள் கடமை. தவறினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

பில், தங்கள் உறுதிமொழி, மெக்கானிக்கின் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். வால்வு அதன் பெட்டியிலேயே இருக்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்பும் முன் தொலைபேசியில் சொல்லவும். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்