ஊர் பெயரை எழுதவில்லையே நீ

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் படம் பார்த்தோம். காது அப்படியே உன் காது, பாவம். இங்கே எல்லோரும் நலம். கண் புரை எடுத்தபின் எழுத்து நன்றாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

உங்கள் சங்கத்துப் பணத்தில் ஒரு மீனவ ஊருக்கு அலையாத்திக் கன்று (கரையோர உப்புச் சேற்றில் வளரும் மரம்) நடலாமா என்று கேட்டிருந்தாய். நடலாம். ஆனால் தண்ணீர் எப்படி வந்து போகிறது என்பதைப் பார்த்துவிட்டு நடுங்கள்.

பிச்சாவரத்துக் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டி வந்தார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து அமிழ்ந்து பள்ளமானது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிப்போனது. அந்த மண்ணில் எந்தக் கன்று பிழைக்கும்? காடு அழிந்ததற்கு மாடு மேய்ப்பவர்கள், விறகு ஒடிப்பவர்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர்க்காரர்கள் சேர்ந்து, நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால் என்று மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதநீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. அப்புறம்தான் கன்று பிடித்தது. கன்று நடும் விழாவில் இந்த வாய்க்காலை யாரும் படம் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் தூர்வார யார் வருவார்கள் என்பதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

மரம் இருந்தால் போதும் என்றும் நம்பிவிடாதே. சுனாமிக்குப் பிறகு, 2005இல், பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 குப்பங்களை ஆராய்ந்தவர்கள், அலையாத்தி இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே அதே கணக்கை வேறு சிலர் திரும்பப் போட்டுப் பார்த்து, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதுதான் பெரிய காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி என்று படுகிறது. காடு வேண்டும், நண்டுக்கும் இறாலுக்கும் சாதாரணப் புயலுக்கும். சுனாமிக்கு ஓட மேடும் வழியும் வேண்டும்.

ஓடச் சொல்ல ஒரு குரலும் வேண்டும். புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊரில், ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி கடல் நிலவரத்தை வழக்கமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்ப் பையன் ஒருவன் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தான். அந்த ஒலிபெருக்கியிலேயே ஊரைக் கிளப்பிவிட்டார்கள். வீடும் படகும் வலையும் போயின, ஊரில் ஓர் உயிர் போகவில்லை. தினமும் பேசிய கருவி என்பதால்தான் அன்றைக்கும் வேலை செய்தது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் ஓர் ஊரில் புயல் பாதுகாப்பு மையம் பளபளவென்று நிற்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பேர் சொல்கிறார்கள். அதில் டியூஷன் நடக்கட்டும், கல்யாணம் நடக்கட்டும், கழிவறைக்குத் தண்ணீர் வரட்டும். கழிவறை சரியில்லை என்றே பெண்கள் பலர் வீட்டைவிட்டு வர மறுக்கிறார்கள்.

கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கல் கொட்டச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம் என்று சொல். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. இந்த ஊரில் தடுத்தால் வடக்கே அடுத்த ஊரைக் கடல் தின்னும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே என்ன ஆயிற்று என்று நீயே பார்த்திருக்கிறாய்.

சரி, பணம் அனுப்பும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுது. கோடையில், ஓதநீர் வந்து போகும் ஆற்று முகத்துவாரத்தை மணல் மூடுகிறதா, மூடினால் யார் வெட்டிவிடுகிறார்கள்? பெண்களிடம் தனியாகக் கேட்டால் இன்னும் சரியான பதில் வரும். அப்படியே எந்த ஊர் என்பதையும் எழுது. மூன்று பக்கக் கடிதத்தில் அதைக் காணோம்.

அன்புடன்,
ராமு