விதைக்கு விட்டால் கணக்கு வேறு

ஐயா,

பீன்ஸ் ரகங்களின் விளைச்சலை ஒப்பிட்ட கட்டுரையைப் படித்தேன். பச்சைக்காய் எடையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டுவிட்டீர்கள். விதைக்காகவே பயிரிடும் எனக்கு அது அரைக் கணக்குதான்.

பிஞ்சாகப் பறிக்கப் பறிக்கச் செடி மீண்டும் பூக்கும். காயை முற்றவிட்டால் பூப்பது குறைந்து நின்றுவிடும். ஒரே செடியில் இரண்டையும் எப்படி அளப்பது? ஒவ்வொரு ரகத்திலும் விதைக்கென்று தனி வரிசை விட வேண்டும். குத்துச்செடி ரகம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். கொடி ரகத்திலோ அடிக்காய் காய்ந்து கலகலக்கும்போது நுனியில் பூ இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் அறுத்து எடைபோடுவது கொடிக்குச் செய்யும் அநியாயம்.

நாரில்லாத சதைப்பற்றான காயை எல்லோரும் புகழ்கிறார்கள். காயவைத்துப் பாருங்கள்: தோல் சுருங்கி விதையை இறுகப் பிடித்துக்கொள்ளும், அடித்துப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழுப்பாகக் குழிவிழுந்த புள்ளியுள்ள காய்களை நான் தனியே ஒதுக்கிவிடுவேன். அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் அடையாளம்; அந்த நோய் விதை வழியாகவும் அடுத்த பயிருக்குப் போகிறது.

அடுத்த முறை அட்டவணையில் விதை எடைக்கும் முளைப்புத்திறனுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு விதை உற்பத்தியாளர்