புல்மோட்டை மணலில் இருக்கும் தோரியம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அணுக்கரு பற்றிய செய்தி என்றாலே நம் தமிழ்ப் பத்திரிகைகளில் குண்டு, ஏவுகணை, உலை விபத்து, இவ்வளவுதான். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் எனக்கு இது பெரிய மனக்குறை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022 மே மாதம் அரிய சமதானிகளுக்கான (ஒரே மூலகத்தின், நியூத்திரன் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுக்கள்) ஆர்முடுக்கி, அதாவது அணுக்கருக்களை வேகப்படுத்தும் இயந்திரம், ஒன்று திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? யுரேனியம் போன்ற பாரமான அணுக்களின் இலத்திரன்களைக் கழற்றி, ஒளியின் வேகத்தில் பாதிவரை விரட்டி, சுழலும் காபன் தட்டில் மோத விடுகிறார்கள். கருக்கள் உடைந்து சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பூமியில் எங்கும் கிடைக்காத, கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைக்காத கருக்களும் இருக்கும். காந்தங்களால் அவற்றைப் பிரித்தெடுத்து, அழியுமுன் அளந்துவிடுகிறார்கள். தூலியம், இற்றர்பியம், லுற்றீசியம் ஆகிய மூலகங்களின் ஐந்து புதிய சமதானிகளை அங்கு கண்டதாக 2024 இல் அறிவித்தார்கள். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் 1967 முதலும், யப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்திலும் இதே துறையில் வேலை நடக்கிறது.

சரி, இதனால் நமக்கென்ன? தங்கமும், தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகமும் எப்படிப் பிறந்தன என்ற கேள்விக்கு விடை அந்த அற்பாயுள் கருக்களில்தான் இருக்கிறது. வெடித்த பெரிய விண்மீன்களின் அடர்ந்த மிச்சமான நியூத்திரன் விண்மீன்கள் மோதும்போது கருக்கள் நியூத்திரன்களை அடுத்தடுத்து விழுங்கிப் பாரமாகின்றன. அப்படி ஒரு மோதலை 2017 ஓகஸ்டில் ஈர்ப்பலையிலும் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வு) ஒளியிலும் கண்டார்கள். வழியில் தோன்றி மறையும் கருக்களின் திணிவையும் ஆயுளையும் அளக்க ஆர்முடுக்கிதான் வேண்டும்.

நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலில் மொனசைற்று என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் தோரியம். வகுப்பில் அந்த மணலைக் கடதாசியில் பரப்பி வலுவான காந்தத்தைக் கிட்டப் பிடித்தால் இல்மனைற்று என்ற கனிமத்தின் கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு எழும்பும். பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். மிச்சமாகக் கிடக்கும் மங்கலான மணிகளுக்குள் மொனசைற்றும் உண்டு. அதிலுள்ள தோரியம் சூரியனே பிறக்குமுன் உருவானது, அதன் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி தேய எடுக்கும் காலம், சுமார் 1400 கோடி ஆண்டுகள் என்று சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிடும். அப்புறம் கேள்விமேல் கேள்வி. புல்மோட்டை என்றால் ஏற்றுமதியும் கடலரிப்பும் மட்டும்தான் என்று வளரும் பிள்ளைகள் அவர்கள்.

உங்கள் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாத்தாள்கள் வரட்டும், தேவைதான். அதோடு மாதம் ஒரு கட்டுரையாவது இந்த ஆராய்ச்சிகளைப் பற்றி, பாடப்புத்தகத்தில் உள்ள கலைச்சொற்களிலேயே வெளியிடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இத்துறை படித்த விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வாங்கலாம்.

பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.