சத்திரத்து மாடத்தில் பூ வைக்காதிருந்தவருக்கு

எங்கள் பங்கு மக்களுக்கும், தெருவினருக்கும், தஞ்சாவூரில் எங்களைத் தாங்கிய அனைவருக்கும் வணக்கம்.

என் மகளும், பிறந்த பேத்தியும் மருத்துவமனையிலிருந்து நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். நடந்தது இன்னதென்று உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அதை மறுபடி விரித்துரைக்கும் திடம் எனக்கு இன்னும் வரவில்லை. பேத்தி உறங்கும்போது குனிந்து குனிந்து பார்க்கும் பழக்கமும் என்னை விட்டுப் போகவில்லை. ஆயினும் நன்றியை ஆறப்போடக் கூடாது என்று எண்ணி, மனம் முழுவதும் தேறுவதற்கு முன்பே இம்மடலை எழுதுகிறேன்.

அகாலத்தில் அழைத்தபோதும் மறுக்காமல் வந்து இரத்தம் கொடுத்த பங்கு இளைஞர்கள், கேட்பதற்கு முன்பே உதவிய வின்சென்ட் தே பவுல் சபையினர், வெள்ளிதோறும் இயேசுவின் பாடுகளை நினைந்து செய்யும் சிலுவைப்பாதையில் என் மகளின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்ட, அண்டை வீட்டார் கூடி வேண்டும் குழுவான அன்பியத்தின் குடும்பங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர், வண்ணப்பூச்சு வேலை பாதியில் நின்ற எங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்திருந்து தினமும் வாசல் தெளித்த எதிர்வீட்டார் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய எங்கள் நோன்புக் காலமான தவக்காலமும் ரமலான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. ஊரில் தனியாக இருந்த என் கணவருக்கு அடுத்த வீட்டு பாய் குடும்பத்தார் நோன்புக் கஞ்சி அனுப்பி வந்தார்கள். தவக்காலத்தில் நாங்கள் கறி உண்ணாத வெள்ளிக்கிழமைகளில் அவருக்கென்று கறி சேர்க்காமல் தனியாகக் காய்ச்சினார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இத்தனை பேர் செய்த பெரிய உதவிகளுக்கு நடுவே, பார்வைக்கு மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றியே நான் அதிகம் எழுதப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மருத்துவமனைக்கு அருகில் நாங்கள் தங்கியிருந்த பழைய சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை, என் மகளைப் பார்க்க வந்தவர்களில் சிலர் கண்டிருப்பீர்கள். நடுவில் முற்றமும் சுற்றிலும் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் உள்ள கட்டடம் அது. ஒவ்வோர் அறைக்கதவின் பக்கத்திலும் சுவரில் ஒரு விளக்கு மாடம் உண்டு. விடியற்காலையில் ஒவ்வொரு வாசலிலும் கோலமிட்டு, மாடத்தில் இரண்டு பூ வைப்பதும், அந்தியில் அதே மாடத்தில் அகல் ஏற்றுவதும் அக்காவின் வழக்கம். இன்று வந்து நாளை போகிறவர்களின் அறைக்கும் அவர் அதைச் செய்வார். அறை காலியாக இருந்தாலும் செய்வார்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன் மாலை. காலைத் திருப்பலியில் இட்ட சாம்பல் என் நெற்றியில் அழியாமல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அவர் நீட்டிய மல்லிகைச் சரத்தை நான் வாங்கத் தயங்கியபோதுதான் கேட்டார்: "வீட்டுல ஏதும் துக்கமா தங்கச்சி? பூவே வைக்க மாட்டேங்குறீங்களே?"

துக்கம் இல்லை, நாற்பது நாள் நோன்பு என்றேன். போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலைகளை எரித்த சாம்பலைத்தான் முதல் நாளில் பூசிக்கொள்வோம், அதன்பின் இயேசு உயிர்த்த பாஸ்கா விழா வரை கோயில் பீடத்திலும் பூ வைப்பதில்லை, எங்கள் வீட்டுப் பெண்கள் தலையிலும் வைப்பதில்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டார், மல்லிகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் எல்லா மாடங்களிலும் பூ இருந்தது, எங்கள் மாடத்தில் மட்டும் இல்லை. அடுத்த அறைகளின் முன்னால் பெரிய கோலங்கள் இருக்க, எங்கள் வாசலில் ஒற்றை இழையில் சின்னதாக ஒரு கோலம். அறைக்குள் முன்பு தங்கியிருந்தவர் யாரோ மாட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக் பூமாலையையும் கழற்றிவிட்டிருந்தார். எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். "எங்களுக்கும் விரதம் உண்டும்மா. விரதம் இருக்கிற வீட்டை விரத வீடா வெச்சிருக்கணும்ல" என்றார். ஒரு சத்திரத்து அறையை அவர் என் வீடு என்று சொன்னது அன்று முழுவதும் என் காதில் இருந்தது.

என்னிடம் அன்புகொண்ட பலர், இந்த நிலையில் நோன்பு எதற்கு என்று சொன்னார்கள். அதிலும் அன்புதான் இருந்தது. 60 வயதைத் தொடுவோருக்கும் நோயுற்றோருக்கும் திருச்சபையே உண்ணாநோன்பிலிருந்து விலக்கு அளிக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால், அடுத்த மணி நேரத்தில் மருத்துவர் என்ன சொல்வார் என்று தெரியாத அந்நாள்களில், முன்கூட்டியே ஒழுங்கு தெரிந்த ஒரே பொருளாக எனக்கு இருந்தது தவக்காலம்தான். இன்று வெள்ளி, சிலுவைப்பாதை. நாளை மறுநாள் ஞாயிறு, நோன்புக் கணக்கில் சேராத நாள். அடுத்து இன்னொரு வாரம் என்று எண்ணிக்கொண்டிருக்க முடிந்தது. அந்த ஒழுங்கைக் கைவிடச் சொல்லாமல், எனக்காக அதைக் காத்துக் கொடுத்தவர் வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. வழிபாட்டு மரபில் நான் இருந்தேன். அதற்கேற்ற வீட்டை அவர் அமைத்துத் தந்தார்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு நெருங்கியபோது, எங்கள் கோயிலில் சிலுவையையும் புனிதர் சிலைகளான சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அன்று மாலை, தம் பழைய சேலையிலிருந்து கத்தரித்து ஓரம் மடித்துத் தைத்த கத்தரிப்பூ நிறத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "இந்த நெறம் சரியா பாருங்க" என்று கொடுத்தார். கையகல வேளாங்கண்ணி மாதா படத்தின்மேல் அதைப் போர்த்தினேன். உயிர்ப்பு ஞாயிறு விடியலில் நான் மருத்துவமனைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தபோது, வாசல் முழுவதும் மாக்கோலம் விரிந்திருந்தது. மாடத்தில் மல்லியும் கனகாம்பரமும் நிறைய வைத்திருந்தார். அவரும் நாள் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தஞ்சை மண்ணில் சத்திரம் என்பதற்கு நெடிய வரலாறு உண்டு. சேதுவுக்கு, அதாவது இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களுக்காக மராத்திய மன்னர்கள் கட்டியவை பல. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் நிறுவிய முக்தாம்பாள் சத்திரமும் நம்மில் பலர் கடந்து செல்பவை. ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகு, 1801இல் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சத்திரங்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று மன்றாடும் அக்கடிதத்தில், அங்கே நடப்பவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சாதி பாராமல் வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசி முதலிய பொருள்கள், நோயாளிகளுக்கு மருத்துவர், குழந்தைகளுக்குப் பால், அநாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவும் நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியலும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்களாம். கருவுற்ற பெண்கள் சத்திரத்திலேயே பிள்ளை பெற்றால், அதன்பின் மூன்று மாதம் வரை தங்கியிருக்க அனுமதி உண்டு என்றும் அதில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் பல ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தேன். அப்போது அரசரின் ஈகை என்று வியந்ததோடு சரி. மகள் மருத்துவமனையில் இருக்க, சத்திரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த மூன்று மாதத்தை நினைத்தபோதுதான், அப்படி ஒரு விதி எழுதப்படுவதற்கு முன்னால் எத்தனை தாய்மார் போக இடமில்லாமல் அங்கே படுத்திருப்பார்கள் என்று தோன்றியது. டெல்டாப் பகுதியில் பழைய சத்திரங்கள் பல சிதைந்து கிடக்கின்றன. அவற்றைப் பழுதுபார்த்துக் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வழிப்போக்கருக்காக எழுந்த கட்டடத்தில் வழிப்போக்கருக்கே இடமில்லை என்று ஆகிவிட்டால், சுவர் மட்டும் நின்று என்ன பயன்?

இனி எங்கள் வீட்டைப் பற்றி. குழந்தை வரப்போகிறது என்ற மகிழ்ச்சியில் முன்கூடத்துக்குப் பட்டி பார்த்து, இளமஞ்சள் வண்ணம் தேர்ந்து, பொய்க்கூரை போட்டு அதில் சரவிளக்குத் தொங்கவிடுவது என்று பணம் எடுத்து வைத்திருந்தோம். வீட்டை அழகுபடுத்துவது வீண் செலவு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். பேத்தியின் அறைக்கு அந்த இளமஞ்சளையே அடிக்கப் போகிறோம். முன்கூடத்துக்கு எடுத்து வைத்த பணத்தை மட்டும் திண்ணைக்குத் திருப்பிவிட்டோம். என் மாமனார் காலத்தில் இருபுறமும் திறந்திருந்த அந்தத் திண்ணையைப் பின்னாளில் கம்பிக் கிராதி போட்டு அடைத்திருந்தோம். கிராதி சென்ற வாரம் அகற்றப்பட்டது.

சுவருக்கு என்ன பூசுவது என்று அக்காவைத்தான் கேட்டேன். எங்களுடையதும் பழைய காரைச் சுவர். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பொருக்குப் பொருக்காக உதிரும் என்று சத்திரத்தின் பின்கட்டில் அப்படிக் கெட்டுப்போன சுவர் ஒன்றைக் காட்டினார். கற்சுண்ணாம்பை நன்றாக ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது நீலம் சேர்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்கச் சொன்னார். அவர் சொன்னபடியே சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் பாதையில் இருப்பதை அறிவீர்கள். வருகிற ஆகஸ்டுத் திருவிழாவிலும், அதன்பின் ஒவ்வொரு தவக்காலத்திலும், நடந்து வருபவர்கள் எந்தச் சமயத்தவராயினும் எங்கள் திண்ணையில் இரவு தங்கலாம். குடிநீரும், கால் கழுவ வெந்நீரும், இரவுக்குக் கஞ்சியும் இருக்கும். பச்சைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு உள் அறை உண்டு. கதவைச் சாத்துவதற்கு முன் என் கணவர் தெருவில் இறங்கி நின்று, சாப்பிடாதவர் யாரும் உண்டா என்று ஒருமுறை குரல் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பேத்தியின் ஞானஸ்நானத்தன்று நன்றித் திருப்பலி நடைபெறும். நாளைப் பங்குத்தந்தை கோயிலில் அறிவிப்பார். அனைவரும் வர வேண்டும். அக்காவையும் அழைத்திருக்கிறேன். சத்திரத்தை விட்டுவிட்டு வர இயலாது என்று முதலில் மறுத்தவர், ஒரு நாளைக்குப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் வருவதாக இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார். தஞ்சாவூரில் இருக்கும் உறவினர் யாரேனும் அந்த ஒரு நாள் அவருடைய வேலையை ஏற்றுக்கொள்ள முன்வந்தால், அதற்கும் நாங்கள் நன்றியுடையவர்களாக இருப்போம். விடியற்காலைக் கோலமும் மாடத்துப் பூவும் அந்த வேலையில் சேர்ந்தவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.